கேம்ல வியாபாரிகிட்ட நஷ்டமா? கல்வராயன் மலைப் புளி சொல்லும் கணக்கு!

'ரிம்வேர்ல்ட்' மாதிரி காலனி சிமுலேஷன் கேம் ஆடுறவங்களுக்கு இந்தக் கடுப்பு தெரியும். அடிப்படைக் கணக்குப்படி, நம்ம பொருளை விற்றால் சந்தை மதிப்பில் 60% தான் கிடைக்கும். அதையே வாங்கப் போனால் 140% கொடுக்கணும். அப்போ வியாபாரம் செய்து என்ன லாபம்? இதே கேள்வி கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையில் நிஜமாகவே இருக்கிறது.

விலை ஏன் குறைகிறது?

மலைக்கு வண்டி கொண்டுவரும் வியாபாரிக்கு வாடகை, எடைக் குறைவு, விலைச் சரிவு என ரிஸ்க் உண்டு. அதைக் கழித்துத்தான் விலை சொல்வார். ஆனால், வாங்க வருபவர் ஒருவர் மட்டுமே என்றால் பேரம் பேச வழியில்லை. அவரிடமே முன்பணமும் வாங்கியிருந்தால், அவர் சொல்வதுதான் விலை.

கொட்டை எடுத்து விற்றால்?

மத்திய அரசு 2020 மே மாதம் திருத்திய குறைந்தபட்ச ஆதரவு விலைப்படி, கொட்டையுடன் கூடிய புளி கிலோ 36 ரூபாய். கொட்டை எடுத்தது 63 ரூபாய். பார்க்க பெரிய லாபம்தான். ஆனால், எடை குறையுமே?

100 கிலோ புளியை அப்படியே விற்றால் 3,600 ரூபாய். கொட்டை எடுத்த பிறகு அதே தொகை கிடைக்க, சுமார் 57 கிலோ தேறணும். அதற்கு மேல் தேறுவதுதான் உழைப்புக்கான கூலி.

சேர்ந்து விற்றால்?

2006 வன உரிமைச் சட்டம், சிறு வன மகசூலைச் சேகரித்து விற்கும் உரிமையைப் பழங்குடியினருக்குத் தருகிறது. 2018-ல் தொடங்கிய வன் தன் திட்டத்தில், சுமார் 300 பேர் சேர்ந்த மையத்துக்கு 15 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. ஆளுக்கு ஒரு மூட்டையாக விற்காமல், லாரி லோடாக விற்கலாம் என்பதுதான் இதன் ஐடியா.

தராசு யார் கையில்?

மரவள்ளியில் சிக்கல் வேறு. ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் கிழங்குக்கு, மாவுச்சத்து 'பாயின்ட்' பார்த்து விலை போடுகிறார்கள். பாயின்ட் அளப்பது வாங்குபவர் என்றால், நல்ல விலை அறிவித்தாலும் விவசாயி கைக்கு வருவது குறையலாம்.

இது ஏன் முக்கியம்?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி விஷச்சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைப் பலி வாங்கியது. அதன் பிறகு, கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை குறித்து சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. மலையில் விளைவதற்கு நியாயமான விலை கிடைப்பதும் அந்த வாழ்க்கை நிலையோடு சேர்ந்ததுதான்.

ஆக, கேமோ மலையோ, வியாபாரம் லாபமாக வேண்டியது மூன்று: ஒன்றுக்கு மேற்பட்ட வியாபாரி, மதிப்புக் கூட்டல், நேர்மையான தராசு. கேமில் நஷ்டம் வந்தால் பழைய சேவ் ஃபைலை லோட் பண்ணிக்கலாம். மலையில் அடுத்த புளி சீசனுக்கு ஒரு வருஷம் காத்திருக்கணும்.