நெஞ்சுவலியை வாயு என்று விட்டுவிடாதீர்!

“நெஞ்ச அடைக்குது, வாயுதான் போல. கொஞ்சம் கோடாலித் தைலம் தேய்ச்சி விடு புள்ள!” ரவாங், பெஸ்தாரி ஜெயா, கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் நம்மில் யார்? தைலம் மேல்தோலைச் சூடேற்றும். இதயத்தின் அடைப்பை எடுக்காது.

இதயம் நம் கைமுட்டி அளவுள்ள ஒரு தசைப் பம்பு. உள்ளே நான்கு அறைகள். உடலைச் சுற்றிக் களைத்து வரும் இரத்தத்தை வலப்பக்கம் வாங்கி நுரையீரலுக்கு அனுப்புகிறது. அங்கே பிராணவாயு ஏற்றிக்கொண்டு திரும்பும் இரத்தத்தை இடப்பக்கம் உடல் முழுவதும் தள்ளுகிறது. நிமிடத்துக்குச் சுமார் 70 துடிப்பு, ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம். ஒரு நாளைக்கு லட்சம் துடிப்பு! இரத்தம் இப்படிச் சுற்றி வருவதை 1628-இல் வில்லியம் ஹார்வி என்ற ஆங்கில மருத்துவர் நூலெழுதி விளக்கினார்.

ஊருக்கெல்லாம் இரத்தம் இறைக்கும் இந்தப் பம்புக்கும் சாப்பாடு வேண்டுமல்லவா? அதன் மேலே படர்ந்திருக்கும் மெல்லிய குழாய்கள்தாம் அதற்கு இரத்தம் கொடுக்கின்றன. கொழுப்புப் படிந்த குழாயின் உட்சுவர் வெடித்தால் அங்கே இரத்தம் உறையும். பால் மரம் சீவியவர்களுக்கு இது எளிதில் புரியும். வெட்டிய இடத்தில் பால் உறைந்து வடிவது நிற்கிறதே, அதுபோலத்தான். மரத்துக்கு அந்த அடைப்பு காவல். இதயத்துக்கோ அதுவே எமன். இரத்தம் கிடைக்காத தசை நிமிடத்துக்கு நிமிடம் சாகிறது.

2022-இல் மலேசியாவில் மருத்துவச் சான்று பெற்ற மரணங்களில் முதலிடம் இந்த இதயக்குழாய் நோய்க்குத்தான்.

நடுநெஞ்சில் பாரம் வைத்தாற்போல் அழுத்தம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் – இவை அடையாளங்கள். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் சில வேளை வலியே இராது. களைப்பும் மூச்சிரைப்பும் மட்டுமே இருக்கும். “குலை தூக்குன அசதி” என்று படுத்துவிடாதீர்கள். நோயாளியை நடக்க விடாமல் உட்கார வைத்து, உடனே 999-ஐ அழையுங்கள். ரவாங் பக்கத்தாருக்குச் செலாயாங், சுங்கை பூலோ மருத்துவமனைகளும், கோல சிலாங்கூர் பக்கத்தாருக்குத் தஞ்சோங் காராங் மருத்துவமனையும் உண்டு. மேல்சிகிச்சைக்குக் கோலாலம்பூரில் 1992 முதல் தேசிய இருதயக் கழகம் இயங்குகிறது.

பிரஷரையும் இனிப்பு நீரையும் அரசாங்கக் கிளினிக்கில் சோதித்துக்கொள்ளுங்கள். சிகரெட்டை விடுங்கள். கூலி ஒரு நாள் போனால் மறுநாள் சம்பாதிக்கலாம். குடும்பத்தலைவர் போனால் அந்த வீட்டுக்கு யார் பதில் சொல்வது? சிந்திப்போம், தோழர்களே!