முகாமுக்கு பவர் ஸ்டேஷன்: வாங்கும் முன் பார்க்க வேண்டிய இரண்டு எண்கள்

மும்பை: மழைக்காலம் ஓய்ந்ததும் பவனா ஏரிக்கரை, ராஜ்மாச்சி, கல்சுபாய் எனச் சஹ்யாத்ரி மலைப்பகுதிகளில் கூடாரமிட்டுத் தங்க மும்பைவாசிகள் புறப்படுவது வழக்கம். கைப்பேசி, விளக்கு, சிறு மின்விசிறி ஆகியவற்றை இயக்க உதவும் ‘போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன்’ வாங்க நினைப்போர், விளம்பரத்தை விட இரண்டு எண்களையே முதலில் பார்க்க வேண்டும்.

சேமிப்பும் திறனும்

முதலாவது வாட்-மணி. பெட்டியில் எவ்வளவு மின்சாரத்தைச் சேமிக்கலாம் என்பதை இது குறிக்கும். இரண்டாவது வாட். ஒரே நேரத்தில் எவ்வளவு திறனை வெளியே தர இயலும் என்பதைக் காட்டும். 300 வாட் பெட்டியில் 1,500 வாட் மின்கெண்டியை இணைத்தால், முழுமையாக சார்ஜ் செய்திருந்தாலும் அது இயங்காது.

சில பெட்டிகளில் 80,000 எம்ஏஎச் என்ற பெரிய எண் மட்டும் அச்சிடப்பட்டிருக்கும். மின்கலத்தின் மின்னழுத்தம் 3.7 வோல்ட் எனில், அது 296 வாட்-மணி மட்டுமே.

தேவை எவ்வளவு?

நால்வர் ஓரிரவு தங்குவதாகக் கொள்வோம். நான்கு கைப்பேசிகளுக்குச் சுமார் 100, 5 வாட் விளக்கு ஆறு மணி நேரம் எரிய 30, 15 வாட் மின்விசிறி எட்டு மணி நேரம் சுழல 120 என மொத்தம் 250 வாட்-மணி தேவை. மின்மாற்றத்தில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் 300 வாட்-மணி போதுமானது. இதன் எடை ஏறத்தாழ 4 கிலோ. காரில் செல்வோருக்கு இது சுமையல்ல. ஆனால் 1,646 மீட்டர் உயரக் கல்சுபாய் சிகரத்துக்கு நடந்து ஏறுவோருக்குச் சாதாரண பவர் பேங்க்கே உகந்தது.

வீட்டில் கவனம்

2020 அக்டோபர் 12 அன்று மின்தொகுப்பில் ஏற்பட்ட கோளாறால் மும்பையில் மின்சாரம் தடைபட்டு, புறநகர் ரயில்களும் நின்றன. அத்தகைய வேளையில் இதே பெட்டி வீட்டிலும் கைகொடுக்கும். எனினும், தாராவி போன்ற நெரிசலான பகுதிகளில் ஒற்றை வாசல் கொண்ட சிறு வீடுகளில் லித்தியம் மின்கலம் தீப்பற்றினால் வெளியேறும் வழியே அடைபடக்கூடும். ஆகவே வாசல், மாடிப்படி, படுக்கை ஆகியவற்றின் அருகே சார்ஜ் செய்யக் கூடாது, உறங்கும்போதும் கூடாது.

வெப்பத்தை நன்கு தாங்குவதுடன் நீண்ட காலம் உழைப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. விலை சற்றுக் கூடினாலும் அதையே தேர்வு செய்வது நல்லது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் சரிபார்க்கலாம்.

செம்பூர், மாட்டுங்காவிலிருந்து விமானத்தில் சொந்த ஊர் செல்லும் தமிழர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் மின்கலங்களைக் கைப்பையிலோ, சரக்குப் பெட்டியிலோ பயணிகள் எடுத்துச் செல்ல அனுமதியில்லை.