அணை திறந்த ஒரு மணி நேரம் டேஷ்போர்டில் ஏன் காணாமல் போகிறது?

2024 டிசம்பர் 2, அதிகாலை. ஃபெஞ்சல் புயல் மழையில் நிரம்பிய சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. திருவெண்ணெய்நல்லூர் வட்டாரத்தில் ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. அரசூரில் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையே மூழ்கி, போக்குவரத்து நின்றது.

முன்னறிவிப்பு இல்லாமல் திறந்துவிட்டார்கள் என்றன எதிர்க்கட்சிகள். உரிய எச்சரிக்கை கொடுத்தோம் என்றது அரசு. இந்தச் சண்டையில் உண்மையைப் பார்க்க, எந்த மணிக்கு எவ்வளவு போனது என்ற கணக்குதான் வேண்டும். அந்தக் கணக்கை அப்படியே பவர் பிஐ-யில் போட்டால் என்ன ஆகும்?

ஒரு பேச்சுக்கு, 23 மணி நேரம் 10,000 கன அடி, ஒரே ஒரு மணி நேரம் 1.68 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நாள் சராசரி வெறும் 16,583. கோடு லேசாகத்தான் மேலே ஏறும். ஊரை அடித்துப்போன அந்த ஒரு மணி நேரம் படத்திலேயே இருக்காது.

கூட்டினால் இன்னும் மோசம். 3.98 லட்சம் என்று வரும். விநாடிக்கு இத்தனை கன அடி என்பது ஓட்டத்தின் வேகம். பைக்கின் வேகத்தை மணிக்கு மணி குறித்து வைத்து மொத்தமாகக் கூட்டுவோமா என்ன? ஆனால் பவர் பிஐ, எண் என்று தெரிந்ததும் முதலில் கூட்டத்தான் செய்யும். கடை விற்பனைக்கு அது சரி, ஆற்றுக்குச் சரிவராது.

எப்படிச் சரிசெய்வது?

பலரும் 'டோன்ட் சம்மரைஸ்' கொடுத்துவிட்டு முடிந்தது என்று நினைப்பார்கள். லைன் சார்ட்டில் அது வேலைக்கு ஆகாது. மதிப்புக்குப் பதிலாக எத்தனை பதிவுகள் என்ற எண்ணிக்கையைக் காட்டும். உண்மையான வழி, கிடைமட்ட அச்சில் ஒவ்வொரு பதிவுக்கும் தனி இடம் கொடுப்பதுதான். தேதியைப் போட்டதும் தானாக வரும் ஆண்டு, காலாண்டு அடுக்கை நீக்கிவிட்டு, நேரத்தோடு சேர்ந்த முழுத் தேதியை வையுங்கள். ஒரே நேரத்துக்கு இரண்டு பதிவுகள் இருந்தால், வரிசை எண் ஒன்றைச் சேர்த்து அதை அச்சாக்கலாம். ஒரு புள்ளிக்கு ஒரே மதிப்பு என்றால், கூட்டினாலும் அதே மதிப்புதானே வரும்!

டேப்லோவில் இவ்வளவு சுற்றல் இல்லை. 'அனாலிசிஸ்' மெனுவில் 'அக்ரிகேட் மெஷர்ஸ்' டிக்கை எடுத்தால் போதும்.

தரவே தொகுத்து வந்தால்?

அதே புயலில் மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை பதிவானது. இது டிசம்பர் 1 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரக் கணக்கு. அதாவது நவம்பர் 30 இரவு புயல் கரையைக் கடந்தபோது கொட்டிய மழை, டிசம்பர் 1-ம் தேதியில் போய் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஒற்றை எண்ணை எந்த மென்பொருளாலும் மணிவாரியாகப் பிரிக்க முடியாது. அதற்கு தானியங்கி மழைமானியின் மூலப் பதிவைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.