நோயாளியைத் தொடுமுன்

வெள்ளைப் பாவில் கறை படியலாகாதென்று கை கழுவித் தறியில் அமரும் நாம், ஆஸ்பத்திரியில் உறவினரின் பச்சிளங்குழந்தையைப் பேருந்திலிருந்து இறங்கிய கையோடு தூக்குகிறோம். கறை கண்ணுக்குத் தெரியும், கிருமி தெரியாது.

கைவழி பரவும் இக்கேட்டை 1847-இல் வியன்னா பொது ஆஸ்பத்திரியில் உணர்ந்தவர் டாக்டர் ஸெம்மல்வைஸ். பிணத்தை அறுத்துச் சோதித்த கையுடனே வைத்தியர்கள் பிரசவம் பார்த்ததால் தாய்மார்கள் காய்ச்சல் கண்டு மாண்டனர். நூல் வெளுக்க உதவும் பிளீச்சிங் பவுடர் கரைசலில் அவர் கை கழுவச் செய்தார். அப்பிரிவில் ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த மரணம் ஜூனில் 2 ஆயிற்று.

வாழப்பாடி அங்கத்தினர்களே! நோயாளியைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் சோப்பிட்டு 40 முதல் 60 விநாடி கை கழுவுவோம். கட்டிலில் அமராதிருப்போம், புண்ணின் கட்டைத் தொடாதிருப்போம். சளி, காய்ச்சல் உள்ளபோது செல்லாதிருப்பதும் அன்பேயாகும்.