மாமிச வகைகளின் போஷணை மதிப்பு

மாமிசம் உண்ணும் வழக்கமுள்ள கிராமக் குடும்பங்களில், எந்த மாமிசம் உயர்ந்தது என்னும் வினாவிற்குப் பெரும்பாலும் சந்தை விலையே விடை கூறி வருகின்றது. வெள்ளாட்டின் தொடைக் கறி முதலிடம் பெறும். நாட்டுக்கோழி அதனோடு போட்டியிடும். கறிக்கோழி அவற்றிற்குக் கீழே நிற்கும். மண்ணீரல், இரத்தம் முதலியன கேட்பவருக்கு மட்டும் கொடுக்கப்படும். ஆயின் விலையின் வரிசை வேறு, சத்தின் வரிசை வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிவது குடும்பஸ்தர்களுக்கு மிகவும் அவசியமாகும்.

இவ்விஷயம் நாவின் ருசியோடு நின்றுவிடுவதன்று. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேரும், 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேரும் இரத்தசோகை உடையவர்களாய் இருந்தனர். ஆண்களிடையே இவ்விகிதம் வெகு குறைவு. மாதவிலக்கும் மகப்பேறும் பெண்ணின் உடலிலிருந்து இரும்புச் சத்தைத் தொடர்ந்து கவர்வதே இவ்வேற்றுமைக்கு முக்கிய காரணம். மாமிசம் பெரும்பாலோர் உண்ணும் ஒரு நாட்டில் இந்நிலை நீடிப்பதால், உண்ணும் மாமிசம் எது, எவ்வளவு, யாருடைய இலையில் விழுகின்றது என்பனவெல்லாம் ஆராயத்தக்கவை.

சமைக்காத மாமிசம் 100 கிராமில் அடங்கிய சத்துக்களின் அளவு ஏறக்குறைய வருமாறு:

வெள்ளாட்டு இறைச்சி: புரதம் 21 கிராம், கொழுப்பு 2 முதல் 4 கிராம், இரும்பு 2 முதல் 3 மில்லி கிராம்.
செம்மறியாட்டு இறைச்சி: புரதம் 18 கிராம், கொழுப்பு 13 கிராமும் அதற்கு மேலும், இரும்பு 2 மில்லி கிராம்.
கோழி, தோலுடன்: புரதம் 18 கிராம், கொழுப்பு 15 கிராம், இரும்பு 1 மில்லி கிராம்.
கோழி மார்பு, தோல் நீக்கியது: புரதம் 22 கிராம், கொழுப்பு 2 முதல் 3 கிராம், இரும்பு 1 மில்லி கிராமிற்கும் குறைவு.
முயல்: புரதம் 20 கிராம், கொழுப்பு 5 கிராம், இரும்பு 1.5 மில்லி கிராம்.
பன்றி, கொழுப்பு நீக்கியது: புரதம் 21 கிராம், கொழுப்பு 4 முதல் 6 கிராம், இரும்பு 1 மில்லி கிராம்.
மாடு, கொழுப்பு நீக்கியது: புரதம் 22 கிராம்; கொழுப்பு 3 முதல் 6 கிராம்; இரும்பு 2 மில்லி கிராம்.
கோழி ஈரல்: புரதம் 17 கிராம், கொழுப்பு 5 கிராம், இரும்பு 9 மில்லி கிராம்.
ஆட்டு ஈரல்: புரதம் 20 கிராம், கொழுப்பு 5 முதல் 7 கிராம், இரும்பு 6 முதல் 7 மில்லி கிராம்.
ஆட்டு மண்ணீரல்: புரதம் 17 கிராம், கொழுப்பு 3 கிராம், இரும்பு 40 மில்லி கிராம்.

பிராணியின் வயது, தீவனம், அறுக்கப்பட்ட பாகம் ஆகியவற்றிற்கேற்ப இவ்வளவுகள் சிறிது கூடியும் குறைந்தும் இருக்கும். எனினும் மூன்று உண்மைகள் இவ்வட்டவணையினின்று தெளிவாகும்.

முதலாவது, புரதத்தைப் பொறுத்தவரையில் மாமிசங்களுக்குள் பெரிய உயர்வு தாழ்வு இல்லை. விலையுயர்ந்த வெள்ளாட்டுக் கறியும் மலிவான கறிக்கோழியும் ஏறக்குறைய ஒரே தட்டில் நிற்கின்றன. நாட்டுக்கோழி ருசியில் சிறந்ததாயும் கொழுப்பிற் குறைந்ததாயும் இருக்கலாம். புரதத்தில் அது கறிக்கோழியை மிஞ்சுவதென்று சொல்வதற்கில்லை. 55 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய புரதம் சுமார் 46 கிராம். ஒரு கிலோ ஆட்டுக்கறியில் கால் பங்கு எலும்பென்று கொண்டால், எஞ்சிய சதையில் ஏறக்குறைய 150 கிராம் புரதம் உண்டு. அதே அளவு புரதம் 25 கோழி முட்டைகளிலும் உண்டு. தத்தம் ஊர் விலையை இக்கணக்கோடு வைத்துப் பார்த்தால், கொடுக்கும் பணத்திற்கு எது அதிகம் தருகின்றது என்பது ஒவ்வொருவருக்கும் விளங்கும்.

இரண்டாவது, கொழுப்பில் வேற்றுமை மிகுதி. கடுமையாக உழைப்பவருக்குக் கொழுப்பும் வேண்டியதே. ஆயினும் உடல் பருத்தவரும் இருதய நோயுள்ளவரும் செம்மறியாட்டின் கொழுப்பையும் கோழித் தோலையும் நீக்கி உண்பது நலம்.

மூன்றாவது, இரும்பிலேதான் உண்மையான ஏற்றத்தாழ்வு காணப்படுகின்றது. கோழிச் சதையைக் காட்டிலும் ஆட்டுச் சதையும், ஆட்டுச் சதையைக் காட்டிலும் ஈரலும், இவையனைத்தையும் காட்டிலும் மண்ணீரலும் உயர்ந்து நிற்கின்றன. வயது வந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லி கிராமும், ஆணுக்கு 19 மில்லி கிராமும் இரும்பு உணவில் இருத்தல் வேண்டுமென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வகுத்துள்ளது. கோழிக்கறியை மட்டும் நம்பி இத்தேவையை நிறைவேற்றுதல் இயலாது.

தமிழ்நாட்டில் மண்ணீரலுக்குச் சுவரொட்டி என்று பெயர். இரத்தம் குன்றியவர்களுக்குச் சுவரொட்டியைச் சமைத்துக் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகின்றது. பழைய இரத்த அணுக்களைச் சிதைத்து, அவற்றிலுள்ள இரும்பைச் சேமித்து வைப்பது மண்ணீரலின் தொழில்களுள் ஒன்று. ஆகையால் அதில் இரும்பு மிகுந்திருப்பது வியப்பன்று. முன்னோர் கைக்கொண்ட முறை இவ்விஷயத்தில் ரசாயனப் பரிசோதனைக்கும் ஒத்திருக்கின்றது.

ஈரலின் பெருமையும் ஆராய்ச்சியால் நிலைநாட்டப்பட்டதே. அமெரிக்காவில் விப்பிள் என்பவர், இரத்தம் இழந்த நாய்களுக்குப் பலவகை உணவுகளைக் கொடுத்துச் சோதித்து, ஈரல் உண்டவையே விரைவில் தேறின என்று கண்டார். இதையறிந்த மைனாட், மர்பி ஆகிய இரு வைத்தியர்கள், அக்காலத்தில் உயிருக்கே ஆபத்தாயிருந்த ஒருவகை இரத்தசோகை நோயாளிகளுக்கு ஈரலை உணவாகக் கொடுத்துக் குணங்கண்ட செய்தியை 1926-ல் வெளியிட்டனர். இம்மூவருக்கும் 1934-ல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. அந்நோயைத் தீர்த்த பொருள் பி12 என்னும் ஜீவசத்தே என்பது, 1948-ல் அது ஈரலினின்று தனியே பிரித்தெடுக்கப்பட்டபோது தெளிவாயிற்று. இச்சத்து இயற்கையில் தாவர உணவுகளில் கிடைப்பதில்லை. மாமிசம், மீன், முட்டை, பால் ஆகியவற்றிலேயே உண்டு. ஈரலில் அது மிக ஏராளம்.

பன்றி இறைச்சிக்கும் ஒரு தனிச் சிறப்புண்டு. பி1 என்னும் ஜீவசத்து மற்ற இறைச்சிகளில் உள்ளதைப்போல் அதில் பன்மடங்கு உண்டு. தீட்டிய அரிசியில் இச்சத்து தவிட்டோடு நீங்கிவிடுவதால், அரிசியையே பெரிதும் உண்பவருக்கு இது கருதத்தக்கது.

நிற்க, உணவில் இருக்கும் இரும்பு முழுவதும் உடலில் சேர்வதில்லை. கீரை, தானியம், பருப்பு ஆகியவற்றிலுள்ள இரும்பில் ஒரு சிறு பகுதியே உடலால் ஏற்கப்படுகின்றது. மாமிசத்திலும் இரத்தத்திலும் உள்ள இரும்போ இதைவிட எளிதாக ஏற்கப்படும். அன்றியும், சிறிதளவு மாமிசம் சேர்ந்தால், உடன் உண்ணும் சோறு, கீரை, பருப்பு ஆகியவற்றின் இரும்பும் முன்னிலும் அதிகமாய் உடலிற் சேரும். எலுமிச்சையும் நெல்லிக்காயும் இதற்குத் துணை செய்யும். உணவோடும் உணவு முடிந்தவுடனும் பருகும் தேநீரும் காப்பியும் தடை செய்யும். ஆகவே, திருவிழாவன்று கிலோக்கணக்கில் உண்டு மற்ற நாட்களில் ஒன்றுமின்றி இருப்பதைவிட, வாரத்தில் இரண்டு மூன்று முறை கீரையோடும் பருப்போடும் சிறிதளவு சேர்த்து உண்பதே பயன் மிக்கது.

இதற்கு இந்நாட்டிலேயே சான்று உண்டு. குன்னூரில் இருந்த ஆராய்ச்சி நிலையத்தில், 1920-களில் மக்காரிசன் என்னும் அறிஞர் இந்தியாவின் பல பிரதேசத்தார் உண்ணும் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்தார். கோதுமை, பால், நெய், பருப்பு, காய்கறிகள் இவற்றோடு எப்போதாவது மாமிசமும் அடங்கிய சீக்கியர் உணவை உண்ட எலிகள் செழித்தன; சென்னை மாகாணத்து அரிசி உணவை உண்டவை மெலிந்தன. செழிப்பைத் தந்த உணவில் மாமிசம் சொற்பமே என்பது கவனிக்கத்தக்கது. அந்நிலையம் 1958-ல் ஹைதராபாத்திற்கு மாற்றப்பட்டு, தேசிய உணவூட்டக் கழகம் என்னும் பெயரில் இயங்கி வருகின்றது.

மாமிசத்தைப் பற்றிய சில நம்பிக்கைகளும் திருத்தத்தக்கவை. ஆட்டுக்கால் சூப்பும் எலும்பு ரசமும் மிகுந்த வலுவளிக்கும் என்பர். அவை பசியைத் தூண்டும்; தொண்டைக்கு இதமாயிருக்கும். ஆனால் சதையை நீக்கித் தெளிந்த நீரை மட்டும் பருகுவோருக்குக் கிடைக்கும் புரதம் அற்பமே. குழந்தைக்கும் நோயாளிக்கும் ரசத்தைக் கொடுத்துவிட்டுச் சதையை மற்றவர் உண்பது, சாற்றை எண்ணிச் சத்தை இழப்பதாகும். மென்று தின்ன முடியாதவர்க்கு நன்றாக வெந்த சதையை மசித்துக் கொடுக்க வேண்டும். அவ்வாறே முட்டை ஓட்டின் நிறத்திற்கும் உள்ளிருக்கும் சத்திற்கும் சம்பந்தமில்லை. முட்டை புரதத்தில் மிகச் சிறந்ததாயினும், அதன் இரும்பு உடலில் எளிதிற் சேர்வதில்லை. ஆதலின் இரத்தசோகைக்கு முட்டை ஒன்றையே நம்பியிருத்தல் போதாது.

உள்ளுறுப்புக்களை உண்பதில் எச்சரிக்கையும் வேண்டும். ஆட்டு ஈரல் 100 கிராமில் ஏ ஜீவசத்து சுமார் 7,000 மைக்ரோ கிராம் உண்டு. இச்சத்து அளவுக்கு மிஞ்சினால் கருவிலுள்ள சிசுவுக்குக் கேடு நேரக்கூடும். ஆகையால் கர்ப்பவதிகள், விசேஷமாக முதல் மாதங்களில், மருத்துவரைக் கேளாமல் ஈரலை உண்ணலாகாது. மற்றவர்க்கு வாரம் ஒருமுறை 50 கிராம் போதுமானது. யூரிக் அமிலம் மிகுந்து மூட்டு வலியால் துன்புறுவோர் உள்ளுறுப்புக்களைத் தவிர்ப்பது நலம். ஈரலில் நீர்க்கட்டிகளோ தட்டையான புழுக்களோ காணப்பட்டால் அதை ஒதுக்கிவிட வேண்டும். அத்தகைய ஈரலை நாய்களுக்கு எறிவது பெருந்தவறு. நீர்க்கட்டி நோய் நாயின் மூலமாகவே மறுபடியும் ஆடுகளையும் மனிதரையும் பற்றும். அதை ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். இரத்தம் விரைவிற் கெடுவது; சுத்தமாகப் பிடித்து அன்றே நன்கு வேகவைத்தது மட்டும் உண்ணத்தக்கது. பன்றி இறைச்சியையும் உட்புறம் வரையில் நன்றாக வேகவைக்க வேண்டும்.

ஊராட்சித் தலைவர்களும் கிராம அலுவலர்களும் இவ்விஷயத்தில் செய்யத்தக்கது மிகுதி. ஆடு அறுக்கும் இடம் சுத்தமாயிருக்கவும், கால்நடை மருத்துவரின் மேற்பார்வையில் நடக்கவும் ஏற்பாடு செய்யலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை தவறாது நடக்கச் செய்யலாம். கொக்கிப் புழு முதலியவற்றாலும் இரத்தசோகை உண்டாகுமாதலால், உணவு ஒன்றே மருந்தென்று கருதி, அங்குக் கொடுக்கப்படும் இரும்பு மாத்திரைகளைக் கைவிடுதல் கூடாது. மாமிசம் உண்ணாத குடும்பங்கள் பால், தயிர், பருப்பு, கீரை இவற்றோடு எலுமிச்சையும் சேர்த்து உண்டு வர வேண்டும்.

ஆயினும் பெரும் மாறுதல் நிகழ வேண்டிய இடம் வீட்டுச் சமையற்கட்டே. பல வீடுகளில் ஆண்கள் உண்டபின் பெண்கள் உண்பதே வழக்கம். குழம்பில் கடைசியாக மிஞ்சுவது எலும்பும் சாறுமே. இரும்பு அதிகம் வேண்டியவருக்கு அது குறைவாகவும், குறைவாக வேண்டியவருக்கு அதிகமாகவும் கிடைப்பது இவ்வழக்கத்தின் பயன். உழவு மாட்டிற்கும் கறவை மாட்டிற்கும் அவற்றின் தேவையறிந்து வெவ்வேறாகத் தீவனம் அளக்கும் குடியானவர், தம் வீட்டிலும் அந்நியாயத்தையே கைக்கொள்ளலாம். சுவரொட்டியும் ஈரலும் வீட்டிற்கு வரும் நாளில், வளரும் பெண்ணுக்கும் பிள்ளை பெற்ற தாய்க்கும் உரிய பங்கு முதலிலேயே எடுத்து வைக்கப்படுமானால், அதற்கு ஒரு காசும் அதிகச் செலவில்லை.