உரை காட்சியாய்த் தோன்றுமாறு

சிவஞானசித்தியாரின் அளவைப் பகுதி காண்டல், கருதல், உரை முதலாகப் பத்தளவைகளை எடுத்தோதி, அவை யாவும் முதற்கண் நின்ற மூன்றனுள் அடங்குமென முடிக்கும். அப்பத்தனுள் நினைவு இடம்பெற்றிலது. முன்பு பிறிதோர் அளவையாற் பெற்றதனை மீளக் கொணர்வதன்றிப் புதுவதாக ஒன்றனை அறிவிக்கும் ஆற்றல் நினைவிற்கு இன்மையே அதற்குக் காரணமாதல் கூடும்.

அன்னம்பட்டர் தருக்கசங்கிரகத்துள் அறிவினை நினைவெனவும் அநுபவமெனவும் இரண்டாக வகுத்து, நினைவு முன்னை வாதனை மாத்திரையாற் பிறப்பதென்றார். மெய்யநுபவத்தின் வழிவந்தது மெய்ந்நினைவு. பொய்யநுபவத்தின் வழிவந்தது பொய்ந்நினைவு. பழுதையைப் பாம்பெனக் கண்டான் நினைவு பொய்யாதல் இதனால் தெளிவு. அற்றேல், உள்ளதனை உள்ளவாறே கண்டானிடத்து, கண்டதன் பின்னர் நினைவு திரிதல் உண்டோ?

1974-ஆம் ஆண்டில் எலிசபெத் லாப்டஸ் என்னும் அமெரிக்க உளநூல் அம்மையாரும் ஜான் பாமர் என்பவரும் 150 மாணவர்க்கு மோட்டார் வண்டிகள் மோதிக்கொள்ளும் படமொன்றைக் காட்டினர். 50 பேரிடம், வண்டிகள் மோதி நொறுங்கியபோது என்ன வேகத்திற் சென்றன என்றும், வேறு 50 பேரிடம், ஒன்றன்மேலொன்று பட்டபோது என்ன வேகம் என்றும் வினவினர். எஞ்சிய 50 பேரிடம் வேகம் பற்றி வினவிற்றிலர். ஒரு வாரங் கழித்து, உடைந்த கண்ணாடியைக் கண்டீரோ என்று எல்லாரையுங் கேட்டனர். படத்தில் உடைந்த கண்ணாடி இல்லை. ஆயினும் ‘நொறுங்கிய’ என்னுஞ் சொல்லைக் கேட்டாருள் 16 பேர் கண்டோமென்றனர். ‘பட்ட’ என்பதனைக் கேட்டாருள் 7 பேரும், வேகம் வினவப்படாதாருள் 6 பேருமே அங்ஙனங் கூறினர். கண்ணாடியை உடைத்தது ஒரு சொல்லென்க.

இது காணும் பொழுதில் நிகழ்ந்த ஐயமுமன்று, திரிவுமன்று. பின்வந்த உரையொன்று, தான் உரையென்னும் அடையாளத்தை இழந்து, காட்சியின் கோலம் பூண்டு நிற்கின்றது. மார்சியா ஜான்சன் முதலானோர் 1993-இல் வெளியிட்ட கட்டுரையில், நினைவு தான் வந்த வாயிலின் பெயரைத் தன்மேற் பொறித்துக்கொண்டு வருவதன்று என்று விளக்கினர். காணப்பட்டதோ, கேட்கப்பட்டதோ, கற்பிக்கப்பட்டதோ என்பதனை உள்ளம் நினைக்கும் பொழுதில், அதன் தெளிவு முதலிய குறிகளைக் கொண்டே தீர்மானிக்கின்றதாம். அங்ஙனமாயின், ‘யான் கண்டேன்’ என்று பின்னர்த் துணிதல் கருதலின் பாற்பட்டதேயாம். கருதல் பிழைபடுதலும் உண்டன்றோ?

2024-ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் லாப்டஸ் அம்மையாரையும் உடன்கொண்டு செயற்கை நுண்ணறிவை இவ்வாராய்ச்சியிற் புகுத்தினர். 200 பேர் கொள்ளையொன்று நிகழும் ஒலியில்லாப் படத்தைக் கண்டனர். பின்னர் அவருள் ஒரு கூற்றார் வாளா விடப்பட்டனர். ஒரு கூற்றார் வினாத்தாள் பெற்றனர். ஒரு கூற்றாரை முன்னெழுதி வைத்ததனையே கூறும் பொறி வினவிற்று. எஞ்சினாரைத் தானே சொற்றொடுத்து உரையாடும் பொறி வினவிற்று. வினாக்கள் 25, அவற்றுள் 5 பொய்யை உட்கொண்டவை. கொள்ளையர் நடந்தே வந்தனராகவும், அவர் காரை விட்ட கடைமுன்னிலையில் காவற் படக்கருவி இருந்ததோ என்பது ஒரு வினா. கருவி இருந்ததோ இல்லையோ என்று எண்ணுமுன்னரே கார் உள்ளே புகுந்துவிடுகின்றது! பொறியோ விடை கூறினாரொடு உடன்பட்டு அவர் கூற்றினை மேலும் உறுதிப்படுத்திற்று. அங்ஙனஞ் செய்யுமாறு அதனைப் பணித்தவர் ஆராய்ச்சியாளரே என்பதனையும் ஈண்டுக் கூறுதல் முறை. வாளா விடப்பட்டாரினும் மும்மடங்கிற்கு மேலும், வினாத்தாள் பெற்றாரினும் 1.7 மடங்கும் பொய்ந்நினைவு இவர்பாற் பிறந்தது. ஒரு வாரங் கழிந்தும் அது குறைந்திலது, துணிபும் தளர்ந்திலது.

பொய்ச்சான்று கூறுவான் தான் பொய் கூறுதலை அறிவான். குறுக்கு விசாரணையில் அகப்படவுங் கூடும். இவரோ உளமார மெய்யே உரைக்கின்றனர். கூண்டில் நிற்பவன் குற்றமற்றவனாயின், சான்று கூறுவார் முகக்குறி கொண்டு நீதிபதி எதனைக் கண்டறிவார்?

இப்பொறியின் சொல்லை உரையளவையுள் வைத்தல் கூடுமோ? ஆப்தன் என்பான் பொருளை உள்ளவாறறிந்து அறிந்தவாறே உரைப்பவன். இப்பொறி மக்கள் எழுதிய எழுத்துக் குவியலிற் பயின்று, ஒரு சொல்லின்பின் வரத்தக்க சொல் யாதெனக் கணித்துத் தொடுப்பது. அது கொள்ளையைக் கண்டதுமன்று, வஞ்சிக்கக் கருதியதுமன்று. அறிந்தாரும் வஞ்சிப்பாருமின்றி ஒரு சொல் பிறக்க, கேட்டவன் தன் கண்ணையே அதற்குச் சான்றாக்குகின்றான். உரைப்போன் குற்றங்களாகிய மயக்கம், வஞ்சனை முதலியவற்றுள் இதனை எதன்கண் அடக்குவதென்பது அறிஞர் ஆராய்தற்குரியது.

படமும் இவ்வாறே செய்யும். 2002-இல் கிம்பர்லி வேட் முதலானோர், இளமையில் வெப்பக்காற்றுப் பலூனில் ஏறியது போலப் புனைந்த நிழற்படத்தை 20 பேர்க்குக் காட்ட, அவருட் பாதியார் நிகழாத அப்பயணத்தை நினைவுகூர்ந்தனர். 2025-இல் வெளிவந்த மாசசூசெட்ஸ் ஆராய்ச்சியொன்றில், நுண்ணறிவுப் பொறி திருத்திய நிழற்படங்களை அதனைக் கொண்டே அசையும் படமாக்கிக் காட்டியபோது, திருத்தாத படங்களைக் கண்டாரினும் 2.05 மடங்கு பொய்ந்நினைவு எழுந்தது.

இனி, 2024-ஆம் ஆண்டினர் கண்ட பிறிதொன்று வியப்பிற்குரியது. இப்பொறியைப் பற்றி ஏதும் அறியாதாரே எளிதில் அகப்படுவர் என்று எண்ணத் தோன்றும். உரையாடும் பொறியொடு பழகாதவர் அகப்பட்டமை உண்மையே. ஆனால் செயற்கை நுண்ணறிவுக் கலையை மிக அறிந்திருந்தாரும், குற்ற விசாரணையில் ஆர்வம் மிக்காரும் கூடப் பிறரினும் மிகுதியாகவே அகப்பட்டனர்.