நின்று போன நாடகம் மறுபடி நடக்குமா?



எங்க தெரு மாரியம்மன் திருவிழாவில் வருஷா வருஷம் ‘வள்ளி திருமணம்’ நாடகம் போடுவாங்க. மூணு வருஷமா அது நடக்கவில்லை. ஏன் என்று தாத்தாவிடம் கேட்டேன். “ஆளாளுக்கு வசூல் பண்ணினாங்க, யாரும் கணக்கு எழுதல. சண்டை வந்துச்சு, நாடகம் நின்னு போச்சு” என்றார். எனக்கு வருத்தமாக இருந்தது. “நின்னு போனதை மறுபடி நடத்தின ஊர் ஒண்ணு பக்கத்துலயே இருக்கு, வா” என்று கோடை லீவில் என்னை மெலட்டூருக்குக் கூட்டிப் போனார்.

மெலட்டூர் நம் தஞ்சாவூர் மாவட்டத்தில் பாபநாசம் வட்டத்தில் இருக்கிறது. நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி அங்கே பாகவத மேளா நாடகம் நடக்கும். வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு எதிரே தெருவிலேயே மேடை. டிக்கெட் கிடையாது. ராத்திரி தொடங்கினால் விடியற்காலை வரை நடக்கும். முதலில் கோணங்கி வந்து சிரிக்க வைப்பார். பிறகு பிள்ளையார் வேஷத்தில் ஒரு சின்னப் பையன் வருவான். பாட்டெல்லாம் தெலுங்கு. பெண் வேஷமும் ஆண்கள்தான் கட்டுகிறார்கள். நரசிம்மர் முகமூடியைக் கோயிலில் வைத்துப் பூஜை செய்கிறார்கள். அதைப் போடுபவர் விரதம் இருப்பார்.

சரி, இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது?

முதலில் அரசர்கள் கொடுத்தார்கள். நாயக்க மன்னர் அச்சுதப்பர் 510 குடும்பங்களுக்கு வீடும் நிலமும் கொடுத்துக் குடியேற்றினார் என்று ஊரில் சொல்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டில், மராட்டியர் ஆட்சியில், மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரி ‘பிரகலாத சரித்திரம்’ முதலிய நாடகங்களை எழுதினார். 1855-இல் தஞ்சை அரசு ஆங்கிலேயர் கைக்குப் போனது. அதோடு அரண்மனை ஆதரவும் போச்சு! பரதம் நடேச அய்யர் போன்றவர்கள் பாடுபட்டு நாடகத்தைக் காப்பாற்றினார்கள். அவருக்குப் பிறகு அது மறுபடி தளர்ந்தது.

1930-களில் ஊர்க்காரர்களே கூடி மீண்டும் உயிர் கொடுத்தார்கள். இதற்கென்று சங்கமும் ஏற்பட்டது. சென்னையிலிருந்து வக்கீல் இ. கிருஷ்ண அய்யர் வந்து பார்த்து, இதன் பெருமையை வெளி உலகுக்கு எடுத்துச் சொன்னார். கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவியும் இந்த நாடகங்களைத் தன் மேடைக்குக் கொண்டு போனார். வெளியூரில் பெயர் வந்த பிறகுதான் வெளி உதவியும் வந்தது.

இடைவேளையில் வேஷம் கட்டிய ஒரு மாமாவிடம், “எவ்வளவு சம்பளம் தருவாங்க?” என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். “சம்பளமா? நான் ஆபீஸுக்கு லீவு போட்டு, கைக்காசில் ரயில் ஏறி வர்றேன்ப்பா. எங்க அப்பா கட்டின வேஷம் இது” என்றார். சம்பளம் இல்லாவிட்டாலும் பந்தல், விளக்கு, மைக் செட், உடுப்பு, பக்கவாத்தியம், சாப்பாடு என்று செலவு இருக்கிறதே! அதற்குத்தான் சங்கம் வேண்டும்.

இதிலிருந்து நான் தெரிந்துகொண்டவை:

1. நாள் மாறக்கூடாது. இந்த விழா பெரும்பாலும் மே மாதம் வருகிறது. அப்போது சம்பா அறுவடை முடிந்து வீட்டில் நெல் இருக்கும். மேட்டூர் தண்ணீர் வந்து குறுவை வேலை மும்முரமாகும் முன்பே விழா முடிந்துவிடும். பள்ளிக்கும் லீவு.

2. பணம் ஒருத்தர் கையில் இருக்கக்கூடாது. சங்கம், ரசீது, வரவு செலவு நோட்டு மூன்றும் வேண்டும்.

3. சின்னப் பசங்களுக்கு வேஷம் கொடுக்கணும். அடுத்த தலைமுறை அவங்கதானே!

4. முதலில் ஊர் கொடுக்கணும், அப்புறம்தான் வெளியே கேட்கணும். தஞ்சாவூரிலேயே தென்னகப் பண்பாட்டு மையம் 1986-இலிருந்து இருக்கிறது. சென்னையில் இயல் இசை நாடக மன்றம் இருக்கிறது. ஆனால் கணக்கு இல்லாதவர்களுக்கு யார் கொடுப்பார்கள்?

ஊருக்குத் திரும்பியதும் தாத்தா ஒரு 80 பக்க நோட்டு வாங்கினார். முதல் பக்கத்தில் ‘வள்ளி திருமணம்: வரவு’ என்று என்னை எழுதச் சொன்னார். தலைக்கட்டு வரியில் எவ்வளவு நாடகத்துக்கு என்று தெருக்கூட்டத்தில் கேட்கப் போகிறார். சண்டை போட்டவர்கள் இருவருமே வருகிறேன் என்று சொல்லியிருக்காங்க. வருவாங்களா என்று தெரியவில்லை. என் உண்டியல் காசு 43 ரூபாயை முதல் வரவாக எழுதி, தாத்தாவிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.

நண்பர்களே, உங்க ஊரிலும் ஏதாவது கூத்தோ நாடகமோ நின்று போயிருக்கிறதா? ஏன் நின்றது என்று வீட்டுப் பெரியவங்களைக் கேட்டு வந்து, இந்தத் தாளின் கீழே எழுதுங்கள்.



– 9-ஆம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு